அடிக்குறிப்புக்காக வாங்கிய வேதாகமம்

சபையை விட்டு வந்து 3 ஆண்டுகள் கழித்து வேதாகமம் வாங்கினேன் என்றால் அம்மா சந்தோஷப்படுவார். அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை. வாங்கியது ஆய்வுப் பதிப்பு. பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு.

முதலில் திறந்தது யோவான் 8. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். இங்கே அது இரட்டை அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இப்பகுதி இல்லை என்கிறது குறிப்பு. மாற்கு 16-இன் கடைசி 12 வசனங்களுக்கும் இதே கதிதான். 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் அந்தச் சுவிசேஷம் 8-ஆம் வசனத்தில், பெண்கள் இயேசுவின் கல்லறையிலிருந்து பயந்து ஓடுவதோடு முடிந்துவிடுகிறது. 20 ஆண்டுகள் பிரசங்கம் கேட்டேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் கதையில் குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்த இயேசு என்ற அந்த மனிதரை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

தாள்தான் மோசம். சருகு போல் மெல்லியது, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறது. குறிப்புகளைப் படிக்க உருப்பெருக்கி வேண்டும். பழைய ஏற்பாட்டு முன்னுரைகள் ஏனோதானோ.

முன்அட்டையை அடுத்து ஞானஸ்நானத் தேதி எழுத ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். எழுதவில்லை; கிழிக்கவும் இல்லை.