காலியா, பேரட்டா, உபுண்டுவா: ஒரு பழைய லேப்டாப்பை முன்வைத்து

அக்கா மகன் சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்த மூன்றாம் நாளே எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஓட்டைகளைக் கண்டுபிடிக்க, உரிமையாளரின் அனுமதியோடு கணினிகளைத் தாக்கிப் பார்க்கும் ஊடுருவல் சோதனையைக் கற்று, அதிலேயே வேலை தேடுவது என்று தீர்மானம். கேட்டுக்கொண்டதால் கடையிலேயே, அதற்கான கருவிகளோடு வரும் இயங்குதளமான காலி லினக்ஸை ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். டிராகன் படம் போட்ட திரை எழுந்ததும் பையன் முகத்தில் பூரிப்பு. மெனுவைத் திறந்தான். தகவல் திரட்டல், கடவுச்சொல் தாக்குதல், வயர்லெஸ் தாக்குதல் என்று வரிசை வரிசையாகக் கருவிகள். ஐந்து நிமிடம் மேலும் கீழும் உருட்டிவிட்டு, "இதில் எதை முதலில் அழுத்த வேண்டும், மாமா?" என்றான்.

பெயர்தான் காலி, உள்ளே 600க்கும் மேற்பட்ட கருவிகள். பேக்ட்ராக் என்ற பழைய தொகுப்பின் வாரிசாக 2013 மார்ச்சில் வந்தது. இதன் பெரிய பலம் கருவிகளின் எண்ணிக்கை அல்ல, பாடங்கள். ஊடுருவல் சோதனை பற்றி எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும், எந்தக் காணொளியைத் திறந்தாலும் எதிரில் காலிதான் இருக்கும். இத்துறையின் ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வை நடத்தும் நிறுவனமே இதையும் பராமரிக்கிறது. பாடத்தில் உள்ள கட்டளையை அப்படியே தட்டினால் அப்படியே விடை வரும். தொடக்கத்தில் அது சிறிய வசதியல்ல.

ஆனால் லினக்ஸ் பழக்கமே இல்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று காலியின் சொந்த ஆவணமே சொல்கிறது. அதை யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. காலியின் அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸின் சோதனைக் கிளை, அதாவது இன்னும் நிலைப்படாத பதிப்பு. புதுப்பிப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும், அவற்றோடு சிக்கல்களும் வரும். 2025 ஏப்ரலில் மென்பொருள்கள் இறங்கும் களஞ்சியத்தின் கையொப்பச் சாவி (வருவது அசல்தான் என்று உறுதிசெய்வது) பராமரிப்பாளர்களின் கையை விட்டே போனது. புதிய சாவியைப் பயனரே இறக்கிப் பதித்தால்தான் புதுப்பிப்பு நடக்கும் என்ற நிலை. விவரம் தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை, புதியவருக்கு ஒரு நாள் தவிப்பு. 2020 வரை காலியில் நுழைந்தாலே எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனர்தான். அந்தக் காலத்தில் அதை மட்டுமே என் கணினியில் வைத்திருந்தேன். ஓர் இரவு ஒரு கோப்புறையை அழிக்கப் போய், கட்டளைக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழ, மூன்று வருடக் குறிப்புகளும் சேர்ந்து போயின. "உறுதிதானா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேரட் கொஞ்சம் சாதுவான பறவை. அதுவும் டெபியன் வழி வந்ததுதான், ஆனால் நிலையான கிளையிலிருந்து. அதே கருவிகளில் பெரும்பகுதி இதிலும் உண்டு. கருவிகளே இல்லாத வீட்டுப் பதிப்பும் தனியாக உண்டு. ஹேக் தி பாக்ஸ் பயிற்சித் தளம் உலாவிக்குள்ளேயே தரும் கணினி பேரட்தான். இணையப் போக்குவரத்தை, அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பு வழியே திருப்பிவிடும் அனான்சர்ஃப் பையன்களை மயக்கும். கற்கும் காலத்தில் முகமூடிக்கு என்ன வேலை என்பது எனக்கு விளங்கியதில்லை. இருப்பது 4 ஜிபி லேப்டாப், அதிலேயே பாடமும் படமும் மின்னஞ்சலும் என்றால் நான் பேரட்டைத்தான் சொல்வேன்.

ஆர்ச் லினக்ஸ் மேல் நிற்கும் பிளாக்ஆர்ச்சில் 2,800க்கும் மேற்பட்ட கருவிகள். தொடக்கநிலைக்காரருக்கு வேண்டாம்.

இனி அன்றாடப் பயன்பாட்டுக்கான லினக்ஸ், வெறும் உபுண்டு. என்மேப், வயர்ஷார்க், ஹைட்ரா, எஸ்கியூஎல்மேப் போன்ற சோதனைக் கருவிகள் எல்லாம் அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கும். ஓட்டைகள் வழியே தாக்கிப் பார்க்கும் மெட்டாஸ்ப்ளாய்ட் கிடைக்காது, தனியே நிறுவ வேண்டும். வலைத்தளங்களைச் சோதிக்கும் பர்ப் சூட்டும் அப்படியே. இதில் காலிக்குத்தான் வெற்றி. ஆனால் ஒவ்வொரு கருவியையும் தேவை வந்த பிறகு தேடி நிறுவுகிறவனுக்கு, அது எதற்கு என்பது மறப்பதில்லை.

பையனின் லேப்டாப்பைத் துடைத்து உபுண்டு போட்டேன். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள், வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட பயிற்சிக் கணினியான மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2. அதன் வலையமைப்பு வெளியுலகுக்குப் போகாதபடி அடைத்தாயிற்று. ஒரு கணினியில் எந்தப் போர்ட் (வலையமைப்பு வழி உள்ளே வரும் வாசல்) திறந்திருக்கிறது என்று பார்க்கும் என்மேப்பை மட்டும் நிறுவச் சொன்னேன். 21ஆம் போர்ட்டில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் ஓடுவதாகக் காட்டியது. 2011இல் யாரோ அந்த மென்பொருளின் மூலத் தொகுப்புக்குள் புகுந்து ஒரு கள்ளக்கதவு வைத்துவிட்டார்கள்: பயனர்பெயரின் கடைசியில் சிரிப்புக்குறி இருந்தால் 6200ஆம் போர்ட் திறந்துகொள்ளும். உபுண்டுவோடு கூடவே வரும், இன்னொரு கணினியின் போர்ட்டோடு நேரே பேசும் நெட்கேட்டைத் திறந்து, ஏதோ ஒரு பெயரும் இரட்டைப்புள்ளியும் அடைப்புக்குறியும் தட்டினான். கடவுச்சொல்லாக வாயில் வந்ததைக் கொடுத்தான். இன்னொரு சாளரத்தில் 6200ஐ அழைத்து, தான் யார் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினான். "ரூட்" என்று பதில் வந்தது. டிராகனும் இல்லை, மெனுவும் இல்லை. பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

இதற்குப் பிறகுதான் காலியை உள்ளே விட்டேன், அதுவும் இன்னொரு மெய்நிகர் கணினியாக. கணக்கு எளிது: காலிக்கு 3 ஜிபி, இலக்குக் கணினிக்கு அரை ஜிபி, மீதி உபுண்டுவுக்கு. எதையாவது கெடுப்பதற்கு முன், அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட். முதல் வாரத்தில் மட்டும் நான்கு முறை பின்னோக்கிப் போனான். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. லேப்டாப்பின் வைஃபை மெய்நிகர் கணினிக்குள் சாதாரணக் கம்பி இணைப்பாகத்தான் தெரியும். வயர்லெஸ் பயிற்சி செய்ய முடியாது. தனியே யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போவதாக இருக்கிறோம். அட்டைப் பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்க்காதே, உள்ளே என்ன சிப்செட், சுற்றிலும் போகும் வைஃபை போக்குவரத்தைக் கேட்கும் மானிட்டர் முறை உண்டா என்று கேள் எனச் சொல்லி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு வைஃபையைச் சோதிக்கலாமா என்றான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவைச் சொன்னேன்: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பரணில் கிடந்த எங்கள் பழைய ரூட்டரை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்திருக்கிறேன்.