செய்மதியா, ராடரா, மழைமானியா: மலைச்சரிவில் வாழ்பவருக்கு எது உதவும்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின் மையம் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தபோது, உயிர்கள் மிகுதியாகப் பறிபோனது கரையோரத்தில் அல்ல. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகளில்தான். சூறாவளியைக் கண்காணிக்கும் வழிமுறைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மையம் எங்கே கரையைக் கடக்கும், காற்று எவ்வளவு வேகமாக வீசும் என்பதோடு நின்றுவிடுகிறது. லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், குடியிருப்பவருக்கு வேண்டிய விடையோ, இந்தச் சரிவில் இன்றிரவு எவ்வளவு மழை விழும் என்பதே. அந்த ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்தே இவற்றை ஒப்பிடுகிறேன்.

விமானத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அத்திலாந்திக்கில் 1943 முதல் சூறாவளிக்குள்ளேயே பறந்து அளவெடுத்து வருகிறார்கள். வங்காள விரிகுடாவில் அப்படியொரு வழக்கமான சேவை இல்லை. அதனால் செய்மதிப் படத்தில் தெரியும் மேகச் சுருளின் வடிவத்தைக் கொண்டு சூறாவளியின் வலிமையை மதிப்பிடும் முறையே இங்கு பெரிதும் கைகொடுக்கிறது.

செய்மதியின் பலம் அதன் விரிந்த பார்வை. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் ஜப்பானின் ஹிமவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு அரைக்கோளத்தையும் படமெடுப்பதால், தெற்கு வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போதே அது கண்ணில் பட்டுவிடுகிறது. ஆனால் அகச்சிவப்புப் படம் அளப்பது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான், நிலத்தில் விழும் மழையை அல்ல. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது, அதிக உயரம் போகாத மேகங்களும் மணிக்கணக்கில் கொட்டித் தீர்க்கும். அவற்றின் உச்சி அவ்வளவாகக் குளிர்ந்திராததால் செய்மதி அந்த மழையைக் குறைத்தே மதிப்பிடுகிறது. பல செய்மதிகளின் தரவுகளைச் சேர்த்துத் தயாராகும் மழை வரைபடங்களிலும் ஒரு கட்டம் பத்துக் கிலோமீற்றர் அளவுடையது. அப்புத்தளை மலைமுகட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்: கொஸ்லந்தைப் பக்கம் இருட்டிக்கொண்டு பெய்யும் வேளையில் பண்டாரவளைப் பக்கம் வெயில் காயலாம், வரைபடத்திலோ இரண்டும் ஒரே நிறத்தில் கரைந்துபோகலாம்.

இந்தக் குறையை டொப்ளர் ராடர் பெருமளவு தீர்க்கும். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு மழையின் செறிவையும் காற்றின் நகர்வையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தருவதால், அடுத்த ஓரிரு மணிநேரத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. ஆயினும் அதன் அலை நேர்கோட்டை ஒட்டிச் செல்வது, பூமியோ வளைந்தது. 250 கிலோமீற்றர் தொலைவில் மிகத் தாழ்வான கற்றைகூட ஐந்து, ஆறு கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே காரைக்காலில் இருக்கும் இந்திய ராடர் நம் வட கடலைக் காண்பதுபோல மலையகத்தின் தாழ்ந்த மழைமேகங்களைக் காண முடியாது. உள்நாட்டிலேயே ராடரை நிறுவினாலும், 2,524 மீற்றர் வரை உயர்ந்த மலைகளின் மறைவில் சில பள்ளத்தாக்குகள் நிழலாகவே கிடக்கும்.

கணினி மாதிரிகள் மட்டுமே நாட்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல வல்லவை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் வளிமண்டலத்தின் தொடக்க நிலையைச் சிறிதளவு மாற்றி மாற்றி ஐம்பது தடவை கணிக்கிறது. பாதைகள் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் நம்பிக்கை கூடும், விசிறிபோல விரிந்தால் ஐயம் கூடும். ஒரேயொரு கோட்டைக் காட்டும் படத்தைவிட அந்த விசிறியையே நான் நம்புவேன். ஆனாலும் ஒன்பது கிலோமீற்றர் இடைவெளியில் கணிக்கும் மாதிரிக்குள் நம் மலைகள் மழுங்கிய மேடுகளாகிவிடுகின்றன. ஆகவே 'மத்திய மலைநாட்டில் கடும் மழை' என்பதை நம்பலாம். எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

எஞ்சுவது மழைமானி. அதற்கு முன்னறிவு இல்லை. பலத்த காற்றில் கொஞ்சம் குறைத்தும் காட்டும். ஆனால் நாம் குடியிருக்கும் சரிவில் உண்மையாக விழுந்த நீரை அளப்பது அது ஒன்றுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகளும் இந்த அளவீட்டையே சார்ந்தவை: 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரே மணிநேரத்தில் 75 என்றாலோ வெளியேற்றம். எனவே மூன்று நாட்களுக்கு முன் ஆயத்தமாக மாதிரியையும், அன்றைய பொழுதுக்கு ராடரையும், அது இல்லாத இடத்தில் செய்மதியையும் கொள்ளலாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்தைவிட்டு இறங்கும் முடிவை மழைமானியே தர வேண்டும்.

புதிதாக ஒன்றுக்கு மட்டுமே பணம் உண்டென்றால், ஒவ்வொரு பிரிவிலும் லயங்களுக்கு அருகே தானியங்கி மழைமானி வேண்டும் என்றே சொல்வேன். தொழிற்சாலையடியில் வைத்த மானி சில நூறு மீற்றர் மேலே உள்ள சரிவின் மழையைச் சொல்லாது. வாசிக்கும் நேரமும் அதே அளவுக்கு முக்கியம். வழமையாக 24 மணிநேர மழை காலை 8.30க்குக் கணக்கிடப்படுகிறது; 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது காலை ஏழரை மணியளவில்.