கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையின் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள்: ஒரு ஜீப் டிரைவரின் அனுபவம்

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். 2021 கோடையில் கொரோனா தடுப்பூசிக்காக ஆதிவாசிக் காலனிகளுக்குப் பலமுறை ஆள் ஏற்றிப் போனேன். ஆதிவாசி மருத்துவமனைப் பணியாளர்களின் சேவை எப்படி இருந்தது என்று யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

முதலில் போனது வேறொரு குழு, பெயர் வேண்டாம். மைக்கில் அறிவித்தபடியே, பணியர் என்ற ஆதிவாசி மக்களின் காலனி ஒன்றுக்குள் நுழைந்தோம். வீடுகளில் அடுப்பு எரிகிறது, ஆள் இல்லை. ஊசி போட்டால் செத்துப்போவோம் என்ற பேச்சு எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோரும் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். மருந்துப் பெட்டியைத் திறக்காமலே திரும்பினோம்.

அடுத்த வாரம் ஆதிவாசி மருத்துவமனையின் பணியாளர் அக்கா ஒருவரை அதே காலனிக்குக் கூட்டிப்போனேன். 1990-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகளே அங்கே நர்ஸ். இந்த அக்காவும் பணியப் பெண்தான். அன்றைக்கு அவர் ஊசியே கொண்டுவரவில்லை. ஊர்த் தலைவரான மூப்பன் வீட்டு வாசலில் தள்ளி உட்கார்ந்து, யாருக்குக் காய்ச்சல், யார் கர்ப்பம் என்று அவர்கள் பாஷையிலேயே விசாரித்தார். அப்புறம் சட்டைக் கையை மேலே தள்ளித் தான் ஊசி போட்டுக்கொண்ட இடத்தைக் காட்டினார். இரண்டு மணி நேரம் ஆனது. எனக்கு ஒரு சவாரி போனது, பரவாயில்லை.

கை கழுவச் சொல்வது எளிது. அங்கே தண்ணீர் ஓடையிலிருந்து குடத்தில் வர வேண்டும். அக்கா ஒரு பாட்டில் மூடியில் ஆணியால் துளை போட்டு, வேலியில் தலைகீழாகக் கட்டிவிட்டார். ஒரு பாட்டில் தண்ணீரில் குடும்பமே கழுவியது.

ஒரு பாட்டிக்கு மாஸ்க் நிற்கவே இல்லை. குன்றிமணி பதித்த பெரிய ஓலைத் தோடு, அதில் நாடா மாட்டி மாட்டி வழுக்கியது. தோட்டைக் கழற்று என்று அக்கா சொல்லவில்லை. இரண்டு நாடாவையும் நூலால் இணைத்துப் பின்கொண்டையில் முடிந்துவிட்டார். பாட்டி கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

ஊசி போடும் நாளைச் சனிக்கிழமை சாயங்காலம் வைத்ததும் அவர்தான். காய்ச்சல் வந்தாலும் ஞாயிறோடு போய்விடும், தோட்டக் கூலி போகாது. பெரிய முகாம்களில் இந்தக் கணக்கை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரே குறை, ஆள் போதாது. எட்டு, பத்து காலனிக்கு ஓர் அக்கா என்றால் நடந்தே தேய்ந்துபோவார். இவர்களுக்கு வண்டிச் செலவு கொடுக்க யாராவது முன்வந்தால் நல்லது.

84 நாள் கழித்து இரண்டாவது ஊசிக்குப் போனோம். காலனிக்கு அரை கிலோமீட்டர் முன்பே அந்தப் பாட்டி ரோட்டில் நின்று ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினார். மாஸ்க் கொண்டையில் முடிந்திருந்தது, காதில் தோடும் இருந்தது.