எக்ஸ்பல்ஸுக்கு அகல டயரா, பட்டன் டயரா?

ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக்குக்குப் பின்னால் கம்பெனி கொடுப்பது 120/80-18 டயர். அதாவது அகலம் 120 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 18 இஞ்ச். அதைக் கழற்றிவிட்டு 130/80 போடலாமா, அதே அளவில் பட்டன் டயர் (கட்டை கட்டையாகப் புடைத்த, மண் பாதைக்கான டயர்) போடலாமா என்பதுதான் கேள்வி.

அகல டயர் பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கணக்குப் போட்டால் விட்டம் 649 மில்லிமீட்டரிலிருந்து 665 ஆகிறது. சுமார் இரண்டரை சதவீதம். பெரிய பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) கழற்றிச் சின்னது மாட்டிய மாதிரிதான், இழுவை குறையும். அதோடு எடையும் கூடும். 200 சிசி இன்ஜின் ஒடுகத்தூர் தாண்டி பீஞ்சமந்தை மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கியரைக் குறைத்து ஏற வேண்டியிருக்கலாம். டயர் செயினிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பட்டன் டயரில் இந்தத் தொல்லை குறைவு. மழை பெய்த செம்மண்ணில் கட்டைகள் மண்ணைக் கவ்வும், பள்ளம் வழியே சேறு வெளியேறும். சரி, தார் ரோட்டில்? இரைச்சல், சீக்கிரத் தேய்மானம், ஈரத்தில் பிரேக் பிடித்தால் கொஞ்சம் வழுக்கல். வேலூர் வெயிலில் ஹைவேயில் தினமும் ஆற்காடு போய்வருபவர் இதை வாங்க வேண்டாம்.

மண்ணில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் ட்யூப் நகர்ந்து வால்வு பிய்ந்துவிடும். மலையில் பஞ்சர் கடையைத் தேட முடியாது.

என் ஓட்டு பட்டனுக்கு. முன் 21 இஞ்ச் வீலை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.