இரண்டு வாரமா, மூன்று வாரமா? மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ இடைவெளி

அக்குள் நெறிகட்டிக்குப் பரவிய நோய், டிரிப்பிள் நெகட்டிவ் (ஹார்மோன் மருந்துக்கும் ஹெர்-2 மருந்துக்கும் கேட்காத வகை) என்றெல்லாம் ரிப்போர்ட் வந்தால், "இன்னும் பவரா மருந்து குடுங்க டாக்டர்" என்றுதான் வீட்டார் கேட்பார்கள். அளவைக் கூட்டிப் பார்த்தாயிற்று, பலனில்லை. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 60 மி.கி.யிலிருந்து 75, 90 என்று ஏற்றிய அமெரிக்க ஆய்வின் முடிவு 2003-ல் வந்தது: மூன்றும் ஒன்றுதான். இதயத்துக்குத்தான் சுமை கூடும். அதற்காகப் பாதியாகக் குறைக்கவும் கூடாது. குறைத்தால் நோய் திரும்புவது கூடியதை 1994-லேயே கண்டார்கள்.

பலன் தந்தது, வழக்கமான மூன்று வார இடைவெளியைச் சுருக்கியதுதான். ஒரு கீமோவுக்கும் அடுத்ததற்கும் நடுவே எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகும். அந்த அவகாசம் குறைகிறது. 26 ஆய்வுகளில் 37,298 பெண்களின் தகவலைச் சேர்த்து 2019-ல் வெளியான தொகுப்பில், நெருக்கமாகக் கொடுத்தவர்களில் 10 ஆண்டுக்குள் நோய் திரும்பியது 28.0%, வழக்கமான முறையில் 31.4%. மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 18.9%, மற்றதில் 21.3%. சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகக் கண்டுபிடிக்காமல், பெரும்பாலும் தேதியை மாற்றியே கிடைத்தது.

150 செ.மீ. உயரம், 54 கிலோ எடை என்றால் உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர். டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த கீமோதான் ஏசி. ஒவ்வொரு ஏசி சைக்கிளுக்கும் (சுற்றுக்கும்) டாக்ஸோரூபிசின், சதுர மீட்டருக்கு 60 வீதம், மொத்தம் 90 மி.கி., சைக்ளோபாஸ்பமைடு 900 மி.கி. இரண்டு வாரமானாலும் மூன்று வாரமானாலும் இதே அளவு, இதே 4 சைக்கிள். தொடங்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) கட்டாயம்.

இரண்டு வார முறை ஓர் ஊசியை நம்பி நிற்கிறது. வெள்ளை அணுக்களை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் இல்லாமல் 14-ஆம் நாள் அடுத்த கீமோ ஏற்ற முடியாது. நீடித்து வேலை செய்யும் வகையான பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. என்றால் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து ஒரே ஊசி. சாதா ஃபில்கிராஸ்டிம் என்றால் பல நாள், தினமும் ஒன்று. உசிலம்பட்டி, பேரையூர் போன்ற ஊர்களுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஐஸ் கட்டியைத் தொடாதபடி துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஊசி போடப்போவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமா, வீட்டருகே நர்ஸா என்பதை முதல் கீமோவுக்கு முன்பே பேசி முடியுங்கள். அதற்கு வழியில்லையென்றால் மூன்று வார ஏசியே பாதுகாப்பு. ஊசி தவறி, அணுக்கள் குறைந்து, தேதி தள்ளித் தள்ளிப் போகிற இரண்டு வார முறையில் ஆபத்து மட்டும்தான் மிஞ்சும்.

எந்த முறையானாலும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரி போன்ற, கிருமிக்கு உடனே ஊசி மருந்து ஏற்றும் இடத்துக்குப் போங்கள். இரண்டு வார முறையில் ரத்தசோகையும் கூடுதலாக வரும். முன்பே ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

ஏசி முடிந்த பின் பாக்லிடாக்சல் என்ற மற்றொரு கீமோ மருந்து. இதில் எங்கள் தேர்வு வாரம் ஒருமுறை, சதுர மீட்டருக்கு 80 மி.கி. வீதம் 12 வாரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சதுர மீட்டருக்கு 175 மி.கி. கொடுத்ததைவிட 5 ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் அதிகம்: வாரம் ஒருமுறையில் 81.5%, மூன்று வாரத்தில் 76.9%. அதற்குக் கொடுக்கும் விலை 12 பயணம். கை கால் மரத்துப்போவதும் சற்றுக் கூடுதல். சட்டை பட்டன் போட, பூக்கட்டத் தடுமாறினால் அந்த வாரமே சொல்லுங்கள். அளவை அப்போதே சரிசெய்தால் நரம்பு பெரும்பாலும் தேறும். 12-ஐ முடித்துவிட்டுச் சொன்னால் மரப்பு தங்கிவிடலாம்.