பரிசோதனைக்கான காத்திருப்போர் பட்டியலில் 12 ஆண்டுகள்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சி எனக்கு இருப்பது தெரியவந்து 12 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இந்தக் காலத்தில் கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோப்பி ஐந்து முறை, எம்ஆர்ஐ இரண்டு முறை, சி.டி. ஸ்கேன் ஒரு முறை என, பொது மருத்துவமனையின் காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் எட்டு முறை ஏறி இறங்கியிருக்கிறது. கிடைத்த சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. என்னை நடமாட வைத்திருப்பது அதுதான். எழுத வந்தது பட்டியலைப் பற்றி. வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகத் தெரியும் அந்தக் காத்திருப்புக்குள் மூன்று காத்திருப்புகள் இருக்கின்றன என்பதும், நடுவில் உள்ளதைத் தவிர மற்ற இரண்டும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை என்பதும் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் பிடித்தன.

மருத்துவர் பரிந்துரை எழுதியவுடன் வரிசையில் நமக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அந்தத் தாளை ஸ்கேன் பிரிவிலோ எண்டோஸ்கோப்பி பிரிவிலோ உள்ள ஒரு நிபுணர் படித்து, அவசரமா, வழக்கமானதா, இந்தப் பரிசோதனைதான் தேவையா என்று முடிவுசெய்த பிறகே தேதி பற்றிய பேச்சு தொடங்குகிறது. இதுதான் முதல் காத்திருப்பு. அவர் என்னைப் பார்ப்பதில்லை. தாளில் உள்ள நான்கு வரிகளைத்தான் பார்க்கிறார். என் முதல் பரிந்துரையில் 'நீடித்த வயிற்றுப்போக்கு, கொலோனோஸ்கோப்பி தேவை' என்று மட்டும் இருந்தது. ஐந்து மாதம் காத்திருந்தேன். நோய் மீண்டும் தலைதூக்கியபோது வேறொரு மருத்துவர், இரத்தப்போக்கு எத்தனை வாரமாக இருக்கிறது, எத்தனை கிலோ எடை குறைந்தது, ஹீமோகுளோபின் எவ்வளவு இறங்கியது என்பதையெல்லாம் எழுதியதோடு, ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் எனக்கு 1,000ஐத் தாண்டியிருந்ததையும் சேர்த்தார். 16 நாளில் அழைப்பு வந்தது. அன்றிலிருந்து, பரிந்துரை எழுதும்போதே அதில் என்னென்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஏதாவது அறிகுறி விட்டுப்போயிருந்தால் சொல்கிறேன். இல்லாததைக் கூட்டிச் சொல்வது பெரும் பாவம், ஏனென்றால் அந்தப் பட்டியலில் எனக்கு முன்னால் இருப்பவர்களில் யாரோ ஒருவருக்கு என்னைவிட மோசமான நிலை இருக்கக்கூடும்.

அடுத்தது, தேதிக்கான காத்திருப்பு. எட்டு முறையில் ஆறு முறை, 'தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்ற ஒற்றை வரிதான் எனக்குக் கிடைத்தது. அந்த வரியோடு மாதக்கணக்கில் வாழ்வது கடினம்: வெளியூர்ப் பயணத்தை ஒப்புக்கொள்ள முடியாது, தெரியாத எண்ணிலிருந்து வரும் எந்தத் தொலைபேசி அழைப்பையும் விட முடியாது. ஒருமுறை, தேதி ஒதுக்கும் பிரிவிலிருந்த ஊழியரிடம் எனக்கு எப்போது என்று கேட்பதற்குப் பதிலாக, பட்டியலில் மொத்தம் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை பேருக்கு நடக்கிறது என்று கேட்டேன். 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிரூபித்த வரிசைக் கணக்கு அதுதான்: சராசரியாக உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை, வாரந்தோறும் வெளியேறுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். 1,200 பேர் இருந்து வாரம் 40 பேருக்கு நடந்தால் 30 வாரம். அவசர நோயாளிகள் முன்னால் வருவதால் வழக்கமான பரிந்துரைகளுக்கு இதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று அந்த ஊழியரே விளக்கினார். அந்தப் பதில் என் காத்திருப்பை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை, ஆனாலும் அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இந்த இரண்டு எண்களை ஒவ்வொரு அழைப்புக் கடிதத்திலும் அச்சிட எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இடங்கள் குறைவு என்பது உண்மை. இருக்கும் இடங்களும் வீணாவதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சி.டி. ஸ்கேனுக்கு ஊசிவழிச் செலுத்தும், படத்தைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்னால், சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று அறிய மூன்று மாதத்துக்குள் எடுத்த கிரியாட்டினின் முடிவு வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது பரிந்துரை எழுதிய நாளில் எடுத்தது. பட்டியலில் ஐந்து மாதம் இருந்ததால் அது காலாவதியாகிவிட்டது. அழைப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்றைக்கு எனக்கென ஒதுக்கிய நேரம் யாருக்கும் பயன்படாமல் போனது.

கொலோனோஸ்கோப்பி ரத்தாவது இதைவிடக் கொடுமை. முந்தைய நாளிலிருந்தே திட உணவு இல்லை. குடலைச் சுத்தப்படுத்தும் மருந்தை இரண்டு லிட்டர் கரைத்து, பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியை அதிகாலை நான்கு மணிக்கும் குடித்து முடித்திருந்தேன். உப்பும் இனிப்பும் கலந்த அந்தச் சுவை நாக்கை விட்டுப் போகாமல் இருக்க, கையில் ஊசிக்குழாய் ஏற்றப்பட்டு, பின்பக்கம் முடிச்சுப் போட்ட மேலங்கியோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் எண்டோஸ்கோப்பைக் கையால் கழுவி, கிருமிநீக்கம் செய்யும் இயந்திரத்தில் வைக்க வேண்டும். அன்று பிற்பகல் அந்த இயந்திரம் நின்றுவிட்டது. மருத்துவரும் நோயாளியும் தயாராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது வந்த செவிலியர் அறிவிப்பாகச் சொல்லிவிட்டுப் போகாமல், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா, தேதி வாங்கித் தராமல் உங்களை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். அரை மணி நேரம் தொலைபேசியில் பேசி, ஒன்பதாம் நாளுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். மறுபடியும் இரண்டு லிட்டர் குடித்தேன், ஆனால் எரிச்சல் இல்லாமல் குடித்தேன்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு எட்டு ஆண்டுகள் கழிந்த பின் புற்றுநோய் மாற்றங்களைக் கண்டறிவதற்கான கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பி தொடங்குகிறது. ஆபத்தின் அளவைப் பொறுத்து 1, 3 அல்லது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு 3 ஆண்டு. இப்படிக் கண்காணிப்பில் இருப்பவர்களின் பெயர்கள் புதிய நோயாளிகளின் பட்டியலில் சேராமல் தனிப் பட்டியலில் இருப்பதால், உரிய மாதம் கடந்தாலும் எங்கும் மணி அடிப்பதில்லை. ஏழு மாதம் தாண்டி நானே கேட்டபோது, புதிய மென்பொருளுக்கு மாறியபோது என் பெயர் விடுபட்டிருந்தது தெரிந்தது. கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. இப்போது அடுத்த தேதி என் நாட்காட்டியிலும் என் மகளின் நாட்காட்டியிலும் இருக்கிறது.

மூன்றாவது காத்திருப்பு முடிவுக்கானது, அதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. இங்கிலாந்தின் பொது சுகாதார சேவையான என்எச்எஸ், பரிசோதனைகளுக்கு 6 வாரம் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. கோரிக்கை எழுந்த நாளில் தொடங்கும் அந்தக் கடிகாரம், பரிசோதனை நடந்த நாளில் நின்றுவிடுகிறது. புற்றுநோய்ச் சந்தேகத்தோடு அனுப்பப்படுவோருக்கு மட்டும் தனியாக 28 நாள் அளவுகோல் இருக்கிறது; அது நோய் உண்டு அல்லது இல்லை என்று நோயாளியிடம் சொல்லும் வரை ஓடுகிறது. எல்லாப் பரிசோதனைக்கும் அளவிட வேண்டியது இந்த இரண்டாவது முறையில்தான் என்பது என் உறுதியான கருத்து. என் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு ஒருமுறை 11ஆம் நாளே கணினியில் ஏறியிருந்தது. எனக்குத் தெரிந்ததோ இரண்டு மாதம் கழித்து மருத்துவரைப் பார்க்கப் போனபோதுதான். அத்தனை இரவுகளும் வீணாகக் கழிந்தவை.

அதனால் இப்போதெல்லாம் பரிசோதனை அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, முடிவை யார் பார்ப்பார்கள், எந்தத் தேதிக்குள், வராவிட்டால் எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டுவிடுகிறேன். விடுபட்டுப்போய்ப் பின்னர் கிடைத்த அந்தக் கண்காணிப்புப் பரிசோதனையன்று, மயக்கம் முழுதாகத் தெளியாத நிலையில் கேட்டேன். செவிலியர் ஒரு தாளின் ஓரத்தைக் கிழித்து, ஒரு பெயரும் ஒரு தேதியும் தொலைபேசி எண்ணும் எழுதி என் கைப்பையில் வைத்தார். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் மாலை அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது: மாற்றம் எதுவும் இல்லை, அடுத்தது மூன்று ஆண்டு கழித்து.