லினக்ஸில் கோர்களைப் பிரித்து வைப்பது: ஐசோல்சிபியுஸ் முதல் சிபியுசெட் பார்ட்டிஷன் வரை

நான் பராமரிக்கும் சர்வரில் 16 கோர்கள், அதாவது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள். அதில் 4, தொலைபேசி அழைப்புகளின் குரலைக் கையாளும் நிரலுக்கு மட்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் போயாக வேண்டும். நடுவில் ஒரு பேக்கப் வேலை புகுந்தால் எதிர்முனையில் பேச்சு அறுந்து அறுந்து கேட்கும்.

ஆரம்பத்தில் ஐசோல்சிபியுஸ் போட்டிருந்தேன், பூட் ஆகும்போதே சில கோர்களை ஒதுக்கிவைக்கும் கெர்னல் அமைப்பு அது. குறை சொல்ல முடியாது. ஆனால் 4 கோரை 5 ஆக்க ராத்திரி ரீபூட் செய்ய வேண்டும்.

அடுத்து பழைய சிபியுசெட்: நிரல்களைக் குழுக்களாக்கி, எந்தக் குழு எந்தக் கோரில் ஓடலாம் என்று சொல்லும் வசதி. 2005-ல் கெர்னல் 2.6.12-ல் வந்தது. "இந்தக் கோர்களைத் தனியாக்கு" என்று கேட்க அதில் வழியே கிடையாது. வேலைகளைக் கோர்களுக்குள் சமமாகப் பரப்பும் லோட் பேலன்ஸ் கொடியை உச்சியில் இருக்கும் ரூட் குழுவில் அணைக்க வேண்டும், கீழே உள்ள குழுக்களில் விட்டுவைக்க வேண்டும். அதை வைத்து ஷெட்யூலர் டொமைன்களை (வேலைகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கோர் தொகுதிகளை) கெர்னலே கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டு குழுக்களுக்கு ஒரு கோர் பொதுவாக இருந்தால் போதும், இரண்டும் ஒரே டொமைனாக ஒட்டிக்கொள்ளும், சத்தமே இல்லாமல். எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று 16 கோரையும் சேர்த்து ஒரே குழு உருவாக்கியது. புதுக் குழுவில் அந்தக் கொடி தானாகவே ஏறியிருக்கும். நான் பிரித்து வைத்தது அத்தனையும் கலைந்தது. காரணம் தெரிய மூன்று நாள் ஆனது. எந்தக் கோப்பிலும் தவறான மதிப்பு இல்லை, பிறகு எங்கே தேடுவது?

சிகுரூப் என்பது நிரல் குழுக்களுக்கு வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதி. அதன் இரண்டாம் பதிப்பில் இது ஒரே கோப்பு: பார்ட்டிஷன். 2019-ல் 5.0-ல் வந்தது. "ரூட்" என்று எழுதினால் அந்தக் கோர்கள் மேல் குழுவிடமிருந்து கழிந்து இந்தக் குழுவுக்கே சொந்தமாகும். வேண்டியதை நேரடியாகச் சொல்ல முடிவதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. 2022 கடைசியில் 6.1 வந்தபோது முழுக்க இதற்கு மாறினேன். லோட் பேலன்ஸ் இல்லாத "ஐசோலேட்டட்" வகை அதில்தான் வந்தது. பிரிவு செல்லாமல் போனால் அதே வரியிலேயே "இன்வேலிட்" என்று காட்டி, அடைப்புக்குள் காரணமும் சொல்கிறது. போன மாதம் அழைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பட்டப்பகலில், 4-ஐ 5 ஆக்கினேன்.

இரண்டு இடத்தில் அடிபட்டேன். 6.1-லிருந்து, நிபந்தனை பொருந்தாவிட்டாலும் எழுதும் கட்டளை தோற்காது. என் ஸ்கிரிப்ட் கட்டளை வெற்றியா என்று மட்டும் பார்த்தது. பிரிவோ செல்லாமல் கிடந்தது. எழுதியதும் திரும்பப் படித்தே தீர வேண்டும். நிலை மாறும்போது ஐனோட்டிஃபை (கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் கெர்னல் வசதி) தகவல் தருகிறது, அதையும் இப்போது பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது, ஐசோலேட்டட் பிரிவில் நிரலை ஓடவிட்டேன். அதன் நான்கு த்ரெட்டும் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஒரே கோரில் நெரிந்தன, மூன்று கோர் சும்மா இருந்தது. லோட் பேலன்ஸ் இல்லையென்றால் பிரித்துப் போடுவது நம் வேலை. டாஸ்க்செட் கட்டளையால் ஒவ்வொன்றையும் ஒரு கோருடன் கட்ட வேண்டும்.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பயன்படுத்துவோர் முடிந்தால் கெர்னல் 6.7-க்குப் போங்கள். அதற்கு முன் மேலே உள்ள ஒவ்வொரு ஸ்லைஸும் (சிஸ்டம்டி உருவாக்கும் குழு) பார்ட்டிஷனாக இருந்தால்தான் உள்ளே பார்ட்டிஷன் வைக்கலாம். 6.7-ல் வந்த ரிமோட் பார்ட்டிஷன் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

இன்டர்ரப்ட், அதாவது வன்பொருள் கோரை இடைமறித்துக் கவனம் கேட்கும் சமிக்ஞை, இன்னும் இந்தக் கோப்புக்குள் வரவில்லை. நெட்வொர்க் கார்டின் இன்டர்ரப்ட் பிரித்த கோரிலும் வந்து விழுகிறது. அது எந்தக் கோருக்குப் போகலாம் என்ற அஃபினிட்டியைத் தனியாக மாற்றுகிறேன், இன்டர்ரப்ட்களைக் கோர்களுக்குப் பரப்பும் ஐஆர்க்யு பேலன்ஸ் நிரலுக்கும் தடை சொல்லி வைக்கிறேன். 5-வது கோர் சேர்த்த அன்று மறந்துபோனது இதைத்தான்.